பாட்டுக்குள் இருக்கும் 'நாம்'

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டை வாசலில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எல்லோரும் ஆயுதம் எடுக்க வேண்டும் என்று அழைத்த அந்த அறிக்கையை வெளியிட்டவர் சிவகங்கையின் சின்ன மருது. ஜம்புத் தீவுப் பிரகடனம் என்று வரலாற்றில் நிற்பது அதுதான். மருது சகோதரர்கள் பிறந்த நரிக்குடி, முக்குளம் பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில் இருக்கிறது. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் விசேஷம், கண்மாய் பெருகினால் திருவிழா என்று வாழும் மானாவாரிச் சீமை. அங்கே பிறந்தவர்கள், பாளையம் பாளையமாகப் பிரிந்து கிடந்த தென்னாட்டுக்கு ஒரே குரலில் பேசினார்கள்.

அந்த அறிக்கையில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது அதன் கோபம் அல்ல, அதன் விளி. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று அது எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. எந்தப் பாளையத்தார், எந்தக் குலத்தார் என்று பார்க்காமல் ஜம்புத் தீவு என்ற நாடு முழுவதையும் அழைக்கிறது. அது பாட்டு அல்ல. ஆனால் நாட்டுப் பாட்டு ஒன்று செய்ய வேண்டிய முதல் வேலையை அது செய்துவிட்டது. 'நாம்' என்றால் யார் என்று சொல்லிவிட்டது.

அந்த 'நாம்' அப்போது தோற்றது. காளையார்கோவில் காட்டுக்குள் நடந்த போர் முடிந்து, அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவர். 1802இல் எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு கப்பலேற்றப்பட்டு பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தப் போரில் கம்பெனிப் படையில் இருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். 1818இல் பினாங்கில் துரைசாமியை அவர் மறுபடியும் பார்த்தபோது, முப்பது வயதை ஒட்டிய அந்த மனிதர் கிழவரைப் போலத் தளர்ந்திருந்தாராம்.

அறிக்கையைக் கிழித்தார்கள், கோட்டையை இடித்தார்கள். மிஞ்சியது பாட்டு. சிவகங்கைச் சரித்திரக் கும்மி, சிவகங்கைச் சரித்திர அம்மானை என்று இரண்டு கதைப்பாடல்கள் ஓலையில் தங்கி, பிறகு அச்சேறின. கட்டபொம்மனுக்கும் அப்படித்தான். 1799இல் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டு, 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் ஊர் ஊராகப் பாடப்பட்ட கதைப்பாடலை அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. பின்னாளில் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். தோற்றவர்களின் நாட்டுப் பாட்டு இப்படித்தான் உயிர் வாழ்கிறது: ஆணை இல்லாமல், வாத்தியக் குழு இல்லாமல், திண்ணையிலும் களத்துமேட்டிலும். கும்மி என்பது வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவது. அந்த வட்டத்தில் முதல் ஆள் என்றும் கடைசி ஆள் என்றும் யாரும் இல்லை.

போர்ப்பாட்டைப் பாடியவர்கள்

பாட்டும் போரும் தமிழில் சேர்ந்தே வளர்ந்தவை. நிரை கவர வெட்சி, மண் கொள்ள வஞ்சி, எதிர்நின்று பொரத் தும்பை, வென்றால் வாகை என்று தொல்காப்பியம் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரைச் சூட்டியது. அந்த இலக்கணத்தைப் படிக்கும்போது மன்னர்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். பாடியவர்களைத் தேடிப்போனால் வேறு மனிதர்கள் தெரிவார்கள். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளை எண்ணிச் சொல்கிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். இந்த நான்கில் மூன்று பெயர்கள் இசையிலிருந்து வந்தவை. பகைவரை எதிர்த்து நின்று மாண்டவனின் நடுகல்லைத் தவிர வணங்கத் தெய்வம் வேறில்லை என்ற பொருளில் அதே பாட்டு முடிகிறது. போர்க்களத்துக்குப் படையை அழைத்துப் போனதும், செத்தவனைக் கல்லில் நிறுத்திப் பாடியதும் இந்தக் குடிகள்தான். பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஊரின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்களில் இவர்களும் உண்டு.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வறண்ட சீமையில் 'நாம்' என்று எல்லோருக்கும் கேட்கப் பாடியவர்கள் பெரும்பாலும் விளிம்பில் நிறுத்தப்பட்டவர்கள். பாட்டை வாங்கிக்கொண்ட ஊர், பாடியவரை உள்ளே விடத் தயங்கியது. அந்தத் தயக்கம் இன்று பாட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நாடக நடிகர் எஸ்.எஸ்.விஸ்வநாததாஸைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் குலம், அதாவது ஊர் நாவிதர் என்று ஒதுக்கிவைத்த சமூகம். அவருடைய சாரீரத்துக்காகக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்த காலத்திலும், அவரோடு ஜோடி சேர்ந்து மேடையேற மாட்டேன் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள். வள்ளி திருமணத்தில் அவர் முருகன். தினைப்புனம் காக்கும் வள்ளி பறவை விரட்டும் ஆலோலக் கட்டம் அந்த நாடகத்தில் உண்டல்லவா? அங்கேதான் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியதாகச் சொல்லப்படும் கொக்குப் பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. விரட்ட வேண்டிய வெள்ளைக் கொக்கு எது என்று கடைசி வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருந்தவருக்கும் தெரியும். மேடைக்குப் பக்கத்தில் நின்ற போலீசுக்கும் தெரியும்.

நாடகங்களைக் கட்டுப்படுத்த 1876இலேயே ஒரு சட்டம் இருந்தது. விஸ்வநாததாஸ் வேஷத்தோடு கைதானார், சிறை போனார், திரும்பி வந்து அதே பாட்டைப் பாடினார். மறுபடியும் சிறை. இப்படிப் பலமுறை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில், மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம்.

பாஸ்கரதாஸ் இந்தச் சீமைக்கு இன்னும் நெருக்கமானவர். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நாகலாபுரத்தில் வாழ்ந்து 1952இல் மறைந்தவர். நாடக மேடைக்கும் கிராமபோன் தட்டுக்கும் அவர் எழுதிக் குவித்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 1931இல் தமிழ் பேசி வந்த முதல் படமான 'காளிதாஸ்' படத்துக்கும் அவர்தான் எழுதினார். பழைய கதை ஒன்றின் நடுவே டி.பி.ராஜலட்சுமி கைராட்டினத்தைப் பற்றிப் பாடினார். கதைக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தியேட்டரில் யாரும் கேட்கவில்லை. சுதந்திரம் வருவதற்கு 16 ஆண்டுகள் முன்பே ஜனங்கள் தங்கள் நாட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார்கள். 1928இல் பாரதியின் பாடல்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தபோது, பாரதி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவரின் பாட்டைக் கண்டு ஓர் அரசு பயந்தது என்றால் அந்தப் பாட்டு எத்தனை வாய்களில் இருந்திருக்க வேண்டும்!

ஒரே நாடகத்தில் வாழ்த்தும் போரும்

மாநிலப் பாடலாக நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒரு நாடகத்திலிருந்து வந்ததுதான். 1891இல் வெளியான 'மனோன்மணீய'த்தின் பாயிரத்தில் வருகிறது. எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தவர் எழுதியதுதான் தமிழ்நாட்டின் பாடல். இது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

வாழ்த்தைப் பாடுகிறவர்கள் நாடகத்தைப் படிப்பதில்லை என்பதுதான் குறை. அதன் நான்காம் அங்கத்தில் பாண்டியன் சீவகன் தன் படைவீரர்கள் முன் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசுகிறான். கேட்பவருக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்தப் போர் எப்படி வந்தது? சேரனோடு பகையே இல்லாத இடத்தில் அமைச்சன் குடிலன் சூழ்ச்சி செய்து மூட்டிவிட்ட போர் அது. மன்னனின் பேச்சில் பொய் இல்லை, வீரர்களின் உணர்ச்சியிலும் பொய் இல்லை, போரின் காரணம் மட்டும் பொய். ஒரே நூலின் தொடக்கத்தில் யாருடைய ரத்தத்தையும் கேட்காத வாழ்த்து, நடுவே ரத்தம் கேட்கும் முழக்கம். இரண்டையும் எழுதிய கவி அவற்றை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்து வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த அங்கத்தைக் கொடுத்து ஒரு வாரம் பேசச் சொன்னால், நாட்டுப்பற்றைப் பற்றி எந்தச் சொற்பொழிவும் தராத தெளிவு கிடைக்கும்.

1970இல் அந்த வாழ்த்தை அரசுப் பாடலாக எடுத்துக்கொண்டபோது, வடமொழியோடு ஒப்பிட்டுப் பேசும் அடிகளை விட்டுவிட்டார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் மோகனத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடல் ஆனது, 55 விநாடி. அடிகளை விட்டது கவிஞருக்குச் செய்த துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. நூலில் கவிதை முழுமையாக இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டிய இடத்தில் இன்னொரு மொழியைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. தேசிய கீதமான தாகூரின் பாட்டில் ஐந்து கண்ணிகள், நாம் பாடுவது முதல் கண்ணி. வந்தே மாதரத்தில் முதல் இரண்டு கண்ணிகள் போதும் என்று 1937இல் காங்கிரஸ் முடிவெடுத்தது. 'நாம்' பெரிதாக வேண்டும் என்றால் பாட்டு சற்றுச் சுருங்க வேண்டியிருக்கிறது.

மைக் செட்டில் பிரியும் தெருக்கள்

இந்தப் பெருந்தன்மை அரசுப் பாடலில் இருக்கிறது, நம் ஊர்த் திருவிழாவில் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, கமுதி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கல்யாண வீடோ காதுகுத்தோ கிடாவெட்டோ கண்ணில் படும். மைக் செட்டில் முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து அந்தத் தெருவின் தலைவர் பாட்டு. பல ஊர்களில் குழாய் ரேடியோவின் வாய் பந்தலைப் பார்த்து இருக்காது, அடுத்த தெருவைப் பார்த்து இருக்கும். தலைவரின் பிறப்பு, வீரம், மீசை, வாள் என்று போகும் பாட்டு, 'எங்களை எதிர்த்தால்' என்று ஒரு மிரட்டலில் வந்து நிற்கும். பதிலுக்கு அடுத்த தெருவில் வேறொரு பாட்டு. பள்ளிப் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் அவையே ஓடுகின்றன. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தேசிய கீதம் உண்டாகிவிட்டது. எதிரி மட்டும் வெள்ளைக்காரன் அல்ல, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்.

அந்தப் பாட்டுகளில் வரும் பெயர்கள் யாருடையவை என்று பாருங்கள். எல்லோரையும் அழைத்து அறிக்கை ஒட்டிய மருது சகோதரர்கள். சுபாஷ் சந்திர போஸின் பார்வர்டு பிளாக்கைத் தெற்கே வளர்த்து, அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்ற பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் பதின்ம வயதில் சிறை சென்று, பிறகு ராணுவத்தில் பணியாற்றி, ஊர் திரும்பி ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக நின்று 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இமானுவேல் சேகரன். இவர்கள் ஒவ்வொருவரும் தேசம் என்ற பெரிய சொல்லுக்குள் வந்து நின்றவர்கள். நாமோ அவர்களைப் பாட்டில் வைத்துத் தெருவுக்குள் அடைத்துவிட்டோம். ஆண்டுதோறும் இவர்களின் நினைவு நாட்கள் வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு, வாகனங்களுக்குக் கட்டுப்பாடு, சாலையெங்கும் காவல். அஞ்சலி செலுத்தப் போகிறவருக்கு இது ஒரு தலைகுனிவு என்று நமக்குத் தோன்ற வேண்டாமா?

பெருமிதம் கூடாது என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக மிதிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் தலைவரைப் பாடுவதற்கும், மிதித்தவர்கள் அதிகாரத்தைப் பாடுவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'எல்லாம் சாதிப் பாட்டு' என்று தள்ளுவது நியாயமாகாது. ஆனால் எந்தப் பாட்டாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழந்தையை நடுங்க வைக்கும் அடி அதில் இருக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியால் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகூடப் பள்ளியில் வேண்டாம் என்று 2024 ஜூனில் அது அறிக்கை தந்தது. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அவிழ்த்துவிடலாம். காதில் ஏறிய பாட்டை அவிழ்க்க யாரால் முடியும்?

வேறு நாடுகள் இதைவிடக் கடினமான முடிச்சைப் பாட்டால் அவிழ்த்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 1897இல் ஈனக் சொண்டோங்கா என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர் எழுதிய வேண்டுதல் பாட்டு, நிறவெறிக்கு எதிரான போராட்டத்தின் பாட்டாக வளர்ந்தது. ஆட்சி மாறியபோது வெள்ளையரின் பழைய கீதத்தைத் தூக்கியெறியக் காரணம் ஆயிரம் இருந்தது. மண்டேலாவின் அரசு இரண்டையும் வெட்டித் தைத்து, 1997இல் ஐந்து மொழிகளில் ஒரே கீதமாக்கியது. கறுப்பின மக்களின் நிலத்துக்குள் வெள்ளையர் வண்டி கட்டிப் போன பெருமையைப் பாடும் பகுதி மட்டும் நீக்கப்பட்டது. மறுபுறம் இலங்கை. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் இயற்றிய கீதத்துக்கு அதே மெட்டில் மு.நல்லதம்பி எழுதிய தமிழ் வடிவம் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2016 சுதந்திர தின விழாவில் அது பாடப்பட்டபோது பலர் கண் கலங்கினார்கள். 2020 விழாவில் அது இல்லை. அந்த மௌனம் தமிழர்களுக்கு எதைச் சொன்னது என்பதை, அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் பிறந்து கப்பலேறி நம் மாவட்டங்களுக்குத் திரும்பி வந்த குடும்பங்களிடம் கேட்டால் தெரியும்.

நம் ஊர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடுவது ஒரே இடத்தில்தான், பள்ளிக்கூட மைதானத்தில். அங்கே பாட்டை வெறும் ஒழுங்காக மட்டும் நடத்தினால் போதாது. எழுந்து நிற்கச் சொல்லி ஆணை போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சினிமா கொட்டகையில் கீதம் கட்டாயம் என்று 2016இல் வந்த உத்தரவை உச்ச நீதிமன்றமே 2018 ஜனவரியில் தளர்த்தியது. மரியாதையோடு நின்றுகொண்டு பாடாமல் இருந்த கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986லேயே அது சொல்லியிருக்கிறது. நிற்க வைப்பது எளிது. பாட்டின் கதையைச் சொல்வதற்குத்தான் ஆசிரியர் வேண்டும்.

நரிக்குடிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஜம்புத் தீவுப் பிரகடனத்தின் விளி மனப்பாடமாக வேண்டும். விஸ்வநாததாஸ் யார், அவரோடு நடிக்க மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று வகுப்பில் பேச வேண்டும். கொக்குப் பாட்டு ஆண்டு விழா மேடையில் ஏற வேண்டும்.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பங்குனியில் பொங்கல் சாட்டியதும் வரி பிரிக்கக் கூட்டம் போடுகிறோம். வாணவேடிக்கைக்கு இவ்வளவு, நாடகத்துக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறோம். அதே கூட்டத்தில் மைக் செட்டில் எந்தப் பாட்டு ஓடலாம், எது ஓடக் கூடாது என்பதையும் எல்லாத் தெருவின் பெரியவர்களும் இளவட்டங்களும் உட்கார்ந்து பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டு, மைக் செட்காரர் கையில் கொடுத்துவிடலாம். இதற்கு அரசாணை வேண்டாம், போலீஸ் வேண்டாம். வள்ளி திருமணம் இன்றும் இந்தச் சீமையில் விடிய விடிய நடக்கிறது. அந்த நடிகர்களிடம் சொன்னால், ஆலோலக் கட்டத்தில் கொக்குப் பாட்டைச் சேர்த்துப் பாடுவார்கள். இந்த ஆண்டு பங்குனிக்கே கேட்கலாம்.